ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஸ்கூட்டர் நம்பிக்கையோடு ஓட

கேள்வி இதுதான்: “கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. நேரத்துக்கு சர்வீஸ் விடுகிறேன், இதுவரை எந்தப் புகாரும் இல்லை. இதை ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வரை நம்பி ஓட்ட முடியுமா? அல்லது நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுவது புத்திசாலித்தனமா?”

ஓட்ட முடியும். அந்த அளவு ஓடுவதற்கான வலு அந்தச் சிறிய இன்ஜினுக்கு நிச்சயமாக உண்டு. ஆனால் கேள்வியில் “எந்தப் புகாரும் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை நீளமாகப் பதில் எழுத வைக்கிறது. ஸ்கூட்டர் தன் நோயைச் சொல்லாத வண்டி. கியர் வைத்த மோட்டார் சைக்கிளில் இன்ஜின் வலு குறைந்தால், மேட்டில் வழக்கமான கியரில் ஏறவில்லை என்று உடனே கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும். ஸ்கூட்டரிலோ இன்ஜின் கொஞ்சம் தளர்ந்தால் அதற்கேற்ப வேரியேட்டரே (கியருக்குப் பதிலாகப் பெல்ட்டும் கப்பியும் கொண்டு இயங்கும் ஏற்பாடு) விகிதத்தை மாற்றிக்கொண்டு, இன்ஜினை அதிகச் சுழற்சியில் ஓடவிட்டு, அதே வேகத்தைக் கொடுத்துவிடும். நீங்களும் அறியாமலேயே ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பழகிவிடுவீர்கள். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் மாறாமல் இருக்கும்.

இன்னொரு காரணம் அதன் உடலமைப்பு. 1946-இல் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ டி’அஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள்களின் அழுக்கும் எண்ணெயும் ஓட்டுபவரின் உடையில் படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சங்கிலியை எடுத்தார், இன்ஜினைத் தகட்டுக்குள் மூடினார். இன்றுவரை பெரும்பாலான ஸ்கூட்டர்கள் அந்த வழியில்தான் வருகின்றன. உடைக்கு அது வசதி. ஆனால் எண்ணெய்க் கசிவு, விரிசல் விட்ட ரப்பர் குழாய், சேறு அடைத்த குளிர்விப்பு வழி எதுவும் கண்ணில் படாது. ஆகவே நெடுந்தூரம் ஓட வேண்டிய ஸ்கூட்டரைப் புகார் வரும்வரை காத்திருந்து பராமரிக்கக் கூடாது. கிலோமீட்டரைப் பார்த்து, திறந்து, அளந்து பராமரிக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் அந்த இன்ஜின் செய்யும் வேலையின் அளவை ஒரு கணக்கில் பார்த்துவிடுவோம். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 5,000 சுழற்சி என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது 2,500 மணி நேர ஓட்டம். அதற்குள் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 75 கோடி முறை சுழன்றிருக்கும். ஒவ்வொரு வால்வும் முப்பத்தேழரை கோடி முறை திறந்து மூடியிருக்கும். பிஸ்டனின் நகர்வு தூரம் 55 மில்லிமீட்டர் என்றால், ஒரு சுழற்சிக்கு ஏறி இறங்க 110 மில்லிமீட்டர். ஆக, சிலிண்டருக்குள் பிஸ்டன் உராய்ந்தபடி கடந்த தூரம் மட்டும் 82,500 கிலோமீட்டர்! கிட்டத்தட்ட வண்டி போன தூரம் முழுவதையும் பிஸ்டனும் சறுக்கியே கடந்திருக்கிறது. இந்த உராய்வு முழுவதையும் தாங்கி நிற்பது ஒரு லிட்டர்கூட இல்லாத எண்ணெய்.

அதனால் இன்ஜின் ஆயிலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. சிறிய ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் ஆயில் கொள்ளளவு 700 அல்லது 800 மில்லிலிட்டர்தான். காரில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும்; அரை லிட்டர் குறைந்தாலும் சமாளித்துவிடும். இங்கே சமாளிக்க இடமே இல்லை. வயதான இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டருக்கு நூறு மில்லி ஆயிலைக் குடிப்பது அரிதல்ல. அடுத்த மாற்றம் நான்காயிரம் கிலோமீட்டரில் என்று விட்டுவைத்தால், அந்த நாளில் உள்ளே 300 மில்லிதான் மிச்சம் இருக்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, புகை கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இன்ஜினின் தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் கேம் தேய்ந்துகொண்டிருக்கும். என்னிடம் கேட்டால், ஸ்கூட்டர் இன்ஜின்களைக் கொல்வது மட்டமான ஆயில் அல்ல, குறைந்த ஆயில். விலையுயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு மூடியைத் திறந்தே பார்க்காதவரின் வண்டியைவிட, சாதாரண ஆயிலை ஊற்றி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளவு பார்ப்பவரின் வண்டி நீண்ட காலம் ஓடும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடங்கள் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். பிறகு அளவுக்கோலை எடுத்துத் துடைத்து மறுபடி நுழைக்க வேண்டும். பல ஸ்கூட்டர்களில் கோலைத் திருகாமல், வாய்ப்பகுதியில் சும்மா வைத்து எடுத்துப் பார்ப்பதே சரியான முறை. திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் படத்தோடு இருக்கும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதல்தான். மிகுந்த ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய் ஃபில்டரை நனைத்துவிடும்.

எந்த ஆயில் என்று கேட்பீர்கள். கையேட்டில் உள்ள தடிப்பெண்ணை (ஆயிலின் பிசுபிசுப்பைக் குறிக்கும் எண்) அப்படியே பின்பற்றுங்கள். 10டபிள்யூ-30 என்றிருந்தால் அதுவே. ஜப்பானியத் தரக்குறியீடான ஜாஸோவில் எம்பி என்பது உலர் கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கானது, உராய்வு குறைவு. ஜாஸோ எம்ஏ என்பது ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச் கொண்ட மோட்டார் சைக்கிள்களுக்கானது. அவசரத்துக்கு எம்ஏ ஊற்றினால் ஸ்கூட்டர் இன்ஜின் கெட்டுவிடாது. எம்பி ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதுதான் தவறு. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? பல சிறிய ஸ்கூட்டர் இன்ஜின்களில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும்தான் இருக்கிறது. அது பெரிய துகள்களைப் பிடிக்கும். நுண்ணிய உலோகத் தூள் வெளியேற ஆயிலை வடிப்பது ஒன்றே வழி. ஆகவே நிறுவனம் சொல்லும் தூரத்தை உச்ச வரம்பாக எடுத்துக்கொண்டு, நெரிசலிலும் குறுந்தூரப் பயணங்களிலும் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம். எல்லாப் பயணமும் இரண்டு கிலோமீட்டரில் முடிந்துவிடும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை அடைவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலிலேயே தங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்ந்த பசை ஒட்டியிருக்கும். அத்தகைய வண்டியை வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

ஆயில் மாற்றும்போது வலையைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அந்த போல்ட் இறங்கும் மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டது. ஒழுகாமல் இருக்கட்டும் என்று நீள ஸ்பேனரால் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். மரை போன எத்தனையோ இன்ஜின்களின் கதை அந்தக் கூடுதல் கால் சுற்றில்தான் தொடங்கியிருக்கிறது.

பின்சக்கரத்தருகே இன்னொரு ஆயில் இருக்கிறது: கியர் ஆயில். நூறு, நூற்றிருபது மில்லிதான். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு அது இருப்பதே தெரியாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிவிட்டால் அந்த கியர்ப்பெட்டி வண்டியின் ஆயுள் முழுவதும் வரும். அச்சுப் பக்கத்து ஆயில் சீல் கசியத் தொடங்கினால் ஆயில் நேராகப் பின் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். பின் பிரேக் திடீரென்று பிடிப்பதை விட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்து மறுபடி மாட்டக் கூடாது. ஷூவும் சீலும் இரண்டுமே புதிதாக வேண்டும்.

அடுத்தது காற்று. ஸ்கூட்டரின் ஏர் ஃபில்டர் பின்சக்கரம் கிளப்பும் புழுதிக்கு மிக அருகில் இருக்கிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் எண்ணெய்ப் பூச்சுள்ள காகித ஃபில்டர் வருகிறது. இதைக் காற்றழுத்தத்தால் ஊதிச் “சுத்தம் செய்து” திரும்ப மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பூச்சுதான் நுண்ணிய மணலைப் பிடிக்கிறது. ஊதினால் இழைகள் பிளந்து பூச்சும் வீணாகிவிடும். அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஸ்பாஞ்சு வகை ஃபில்டர் என்றால் கழுவலாம். சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, ஃபில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் புதிய ஃபில்டரால் பயனில்லை. மணல் அந்த இடைவெளியில் நுழைந்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அராவத் தொடங்கும். ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் சிறு குழாயில் நீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் அதையும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

இனி ஸ்கூட்டரின் உண்மையான தேய்மானப் பகுதிக்கு வருவோம். இடப்பக்க உறைக்குள் இருக்கும் வேரியேட்டரும் பெல்ட்டும். ரப்பர் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் இந்த ஏற்பாட்டை 1958-இல் நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் தன் டாஃப் காரில் பெருமளவில் கொண்டுவந்தார். இன்றைய ஸ்கூட்டர் அதன் சிறிய வாரிசு. முன்புறக் கப்பியில் ஆறு ரோலர்கள். இன்ஜின் சுழற்சி ஏற ஏற அவை வெளிப்புறமாக வீசப்பட்டு, கப்பியின் ஒரு தட்டைத் தள்ளுகின்றன. பெல்ட் வெளிவட்டத்துக்கு ஏறுகிறது. பின்கப்பியில் அதே பெல்ட் உள்வட்டத்துக்கு இறங்குகிறது. இவ்வளவும் முழுக்க உலர்ந்த நிலையில் நடக்க வேண்டும். பெல்ட் ஓடும் தட்டில் ஒரு துளி கிரீஸ் பட்டாலும் பெல்ட் வழுக்கும்.

பெல்ட் அறுந்துபோவதற்கு முன் அகலத்தில் தேய்கிறது. கையேட்டில் புதிய பெல்ட்டின் அகலமும் குறைந்தபட்ச அகலமும் மில்லிமீட்டரில் கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கண்ணால் பார்த்து “நன்றாக இருக்கிறது” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள், அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அகலம் குறைந்த பெல்ட் முன்கப்பியின் விளிம்புவரை ஏற முடியாது. அதனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுழலும், பெட்ரோல் அதிகம் செலவாகும், உச்ச வேகம் ஐந்து பத்து கிலோமீட்டர் குறையும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. உறையைக் கழற்றியிருக்கும்போது முன்கப்பியின் தட்டில் மையத்திலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, மூடி, பாதுகாப்பான சாலையில் ஒரு முறை நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து திறந்து பாருங்கள். பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்புப் பக்கம் கோடு கணிசமாக மிஞ்சியிருந்தால் பெல்ட்டோ ரோலரோ தேய்ந்திருக்கிறது.

பெல்ட்டை இருபதாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடச் சொல்வது பல நிறுவனங்களின் வழக்கம். அந்தத் தூரத்தைத் தாண்டியும் ஓடுகிறதே என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அறுந்த பெல்ட் நட்டநடுச் சாலையில் வண்டியை நிறுத்துவதோடு விடாது. துண்டுகள் கப்பிகளில் சுற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் மற்றதையும் கெடுத்துவிடும். மாற்றும்போது ரோலர்களையும், தட்டு நகரும் பிளாஸ்டிக் துண்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அது வழவழப்பாக உருளாமல் நின்று நின்று நகரும், பிக்-அப்பில் ஒரு தயக்கம் தெரியும். எடை குறைந்த ரோலர் போட்டால் வண்டி பறக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். கிளம்பும்போது துடிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் இன்ஜின் எப்போதும் கூடுதல் சுழற்சியில் ஓடும். நீண்ட ஆயுள் வேண்டுபவருக்கு நிறுவனம் கொடுத்த எடையே சரி.

இந்தப் பகுதியில் நடக்கும் மிகப் பெரிய சேதம் தேய்மானத்தால் வருவதல்ல, ஒரு நட்டால் வருவது. முன்கப்பியைக் கிராங்க் முனையில் பிடித்திருக்கும் நட்டு சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் கப்பி மெல்ல ஆடி, கிராங்க்கின் பற்களைத் தின்றுவிடும். பிறகு இன்ஜினையே பிளந்து கிராங்க்கை மாற்ற வேண்டியிருக்கும். காற்றுத் துப்பாக்கியால் கழற்றுவதில் தவறில்லை. ஆனால் மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுக்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பெல்ட் இரண்டு தட்டுகளுக்கிடையில் சிக்கிய நிலையில் நட்டை முறுக்கினால், இறுகியதுபோல் காட்டிவிட்டுப் பிறகு தளர்ந்துவிடும். பின்கப்பியை விரித்துப் பெல்ட்டை அதில் ஆழமாக இறக்கிவிட்டு, முன்பக்கம் தளர்வாக இருக்கும்போதுதான் நட்டைப் பூட்ட வேண்டும். இதை அருகில் நின்று பார்த்துக்கொள்வதில் கூச்சப்படாதீர்கள்.

கிளட்ச்சைப் பொறுத்தவரை ஆயுள் உங்கள் கையில்தான், அதாவது வலது கையில். மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஊரும்போதெல்லாம் கிளட்ச் ஷூக்கள் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டிருக்கின்றன. மேட்டில் சிக்னலுக்காக நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை முறுக்கி வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் கிளட்ச்சை எரிக்கும். பிரேக் பிடித்து நில்லுங்கள், வழி கிடைத்ததும் ஒரே சீராக எடுங்கள். கிளம்பும்போது வண்டி நடுங்கினால் ஷூ பளபளத்துப் போயிருக்கும். உரசித் தேய்த்துச் சுத்தம் செய்தால் தற்காலிகமாகச் சரியாகும். அந்தத் தூளை வாயால் ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

வால்வு இடைவெளியை, அதாவது வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய சந்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வேகம் வந்துவிடும், காரணம் இவ்வளவு எளிய வேலை இவ்வளவு புறக்கணிக்கப்படுகிறது. “சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். நேர்மாறானது உண்மை. இடைவெளி கூடினால்தான் டக் டக் என்ற சத்தம் வரும். அதனால் பெரிய ஆபத்து உடனே இல்லை. ஆனால் வால்வு தன் இருக்கையில் அடித்து அடித்து உள்ளே இறங்கும்போது இடைவெளி குறைகிறது. இன்ஜின் முன்னைவிட அமைதியாகிறது! புகைபோக்கிப் பக்கத்து வால்வு தன் சூட்டைப் பெருமளவு இருக்கையைத் தொடும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. இடைவெளி அற்றுப்போய் முழுதாக மூட முடியாவிட்டால் சூடு இறங்காது, எரிவாயு விளிம்பின் வழியே கசியும், வால்வு கருகும். சூடான வண்டி அணைத்த பின் மறுபடி எளிதில் கிளம்பவில்லை, ஐடிலில் தடுமாறி நிற்கிறது என்றால் பிளக்கையும் பேட்டரியையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கையேடு சொல்லும் அளவில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்க வேண்டும். தேவைப்படும் கருவிகளும் நேரமும் மிகக் குறைவு. நாற்பதாயிரம் ஓடிய உங்கள் வண்டியில் இது ஒரு முறையாவது பார்க்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

காற்றால் குளிரும் ஸ்கூட்டர் இன்ஜினில் கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் விசிறி ஒன்று காற்றை எடுத்து, பிளாஸ்டிக் உறை வழியாகச் சிலிண்டரின் செதில்கள் மேல் செலுத்துகிறது. அந்த உறையின் ஒரு துண்டு உடைந்து விழுந்தாலும், திருகு இல்லாமல் விரிந்து நின்றாலும், காற்று போக வேண்டிய இடத்துக்குப் போகாது. செதில்களுக்கிடையில் சேறும் ஆயிலும் சேர்ந்து கெட்டியாகிவிடும். நீண்ட நாள் நிறுத்திய வண்டியில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது உறையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நீரால் குளிரும் பெரிய ஸ்கூட்டர் என்றால் குளிர்விப்பு நீரைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுவதும், குழாய்ப் பூட்டுகளில் கசிவு பார்ப்பதும் இதற்கு இணையான வேலை.

ஸ்பார்க் பிளக் மலிவான பொருள், காலத்தில் மாற்றிவிடுங்கள்; அவ்வளவுதான். பேட்டரியைப் பற்றியும் ஒரே விஷயம்: ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை என்று பொருள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று அளந்து பார்க்காமல் புதிய பேட்டரி வாங்காதீர்கள். கிக்கர் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை அதிலேயே கிளப்புங்கள். பயன்படுத்தாமலே விட்ட கிக்கரின் பற்சக்கரம் துருவேறிச் சிக்கிக்கொள்ளும், சரியாக பேட்டரி கைவிடும் நாளில்தான் அது தெரியவரும். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடிதான் குளிர்கிறது, எனவே எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டும் பழக்கம் வேண்டாம். கார்புரேட்டர் வண்டியை மாதக் கணக்கில் நிறுத்துவதானால் அடிக் கிண்ணத்தின் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

இன்ஜினை இவ்வளவு பார்ப்பவர்கள்கூடச் சக்கரத்தையும் சட்டத்தையும் மறந்துவிடுகிறார்கள். 90/100-10 அளவு டயரின் சுற்றளவு சுமார் 1.36 மீட்டர். ஒரு லட்சம் கிலோமீட்டரில் அந்தச் சிறிய சக்கரம் ஏழு கோடி முறைக்கு மேல் சுற்றுகிறது, அதுவும் ஒவ்வொரு குழியிலும் முழுதாக இறங்கி ஏறி. சக்கர பேரிங்குகள் தேய்வது இயல்பு. நடு ஸ்டாண்டில் வைத்துச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ கரகரப்போ இருக்கக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடங்கினால் கழுத்து பேரிங் போய்விட்டது என்று பொருள். அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்கூட்டரில் இன்ஜினே பின்சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் இருப்பதால், அது சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர் புஷ்கள் முழு வண்டியின் போக்கைத் தீர்மானிக்கின்றன. அவை தேய்ந்தால் வளைவில் பின்பக்கம் தனியாக அசைவதுபோல் தோன்றும், குழியில் ‘தொம்’ என்று இடிக்கும். பலர் ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டு, ஏன் சரியாகவில்லை என்று திகைப்பார்கள். புஷ்தான் காரணமாக இருந்திருக்கும். டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எனவே வண்டி ஓடியதோ இல்லையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

வண்டியைக் கழுவும்போது உயரழுத்த நீரைச் சக்கர மையம், இடப்பக்க உறையின் காற்றுவழி, ஏர் ஃபில்டர் பெட்டி ஆகியவற்றை நோக்கி அடிக்காதீர்கள். நீர் தேங்கிய சாலையில் ஓட்டி, வண்டி நின்றுபோனால், உடனே செல்ஃப் அடிக்கவே கூடாது. நீர் காற்றைப்போல் அழுந்தாது. சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முயலும்போது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போய்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தக் கிலோமீட்டரில் எது மாற்றப்பட்டது, பெல்ட்டின் அகலம் எவ்வளவு, வால்வு இடைவெளி எவ்வளவு இருந்து எவ்வளவாக வைக்கப்பட்டது, இரண்டு மாற்றங்களுக்கிடையில் எத்தனை மில்லி ஆயில் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து மைலேஜையும் எழுதுங்கள். வண்டி மறைக்கும் நோயை இந்த எண்கள் மறைக்காது. லிட்டருக்கு ஐம்பது கொடுத்த வண்டி தொடர்ந்து மூன்று முறை நாற்பத்தைந்தில் நின்றால், டயர் காற்று, உரசும் பிரேக், ஏர் ஃபில்டர், பெல்ட், வால்வு என்ற வரிசையில் தேடுங்கள். எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகும் வரிசை இது. பெரும்பாலும் முதல் மூன்றிலேயே விடை கிடைத்துவிடும்.

உங்கள் வண்டிக்கு இப்போது நான் செய்யச் சொல்வது: வால்வு இடைவெளியைப் பாருங்கள். பெல்ட்டும் ரோலரும் இதுவரை ஒரு முறைகூட மாற்றப்படவில்லை என்றால் காத்திருக்காமல் மாற்றுங்கள். கியர் ஆயில் எப்போது மாறியது என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றுங்கள். பிறகு அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். குறைவே தெரியவில்லை என்றால் சிலிண்டர் நல்ல நிலையில் இருக்கிறது, விற்கும் எண்ணத்தை விட்டுவிடலாம். நூறு மில்லியைத் தாண்டினால், காலையில் முதல் முறை கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து மறைகிறதா, ஓடும்போதும் வருகிறதா என்று பாருங்கள். முதலாவது பெரும்பாலும் வால்வு சீல், செலவு குறைவு. இரண்டாவது என்றால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். அழுத்தத்தை அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதையும் பயந்து விற்க வேண்டியதில்லை. சிறிய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் சிலிண்டரும் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது பெரிய வேலையல்ல, கிராங்க் பேரிங்குகள் சத்தமில்லாமல் இருந்தால் அந்த இன்ஜின் இன்னொரு ஆயுள் ஓடும். புதிய ரிங் படிந்து வரும்வரை முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், மிதமாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, அதன் முடிவில் ஆயிலை மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் இன்ஜினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கால் வைக்கும் பலகையையும் இருக்கையின் அடிப்பெட்டியையும் கழற்றி, சட்டத்தின் பற்றவைப்புகளில், குறிப்பாக இன்ஜின் தொங்கும் இடத்திலும் கழுத்துக்கு அடியிலும், துருவோ விரிசலோ இருக்கிறதா என்று ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். மேல்துரு என்றால் சுரண்டி வண்ணம் பூசலாம். உலோகம் பொத்தலாகியிருந்தாலோ பற்றவைப்பில் விரிசல் ஓடியிருந்தாலோ அந்த வண்டியில் புதிய சிலிண்டர் போடாதீர்கள்.